ஏறற வண்டிக்கு வழி விடோணும்

ஏனுங்கக்கா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்றீங்களா? அந்தக் கதவு தொறந்துதுன்னா சொல்லுங்க. நான் இப்பிடிச் செவுத்துப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கறேன். அது ஒவ்வொரு வாட்டி தொறக்கறப்பவும் எனக்குப் பாக்கத் தைரியமில்லைங்க. டாக்டரு வந்தாலும் சரி, நர்ஸு வந்தாலும் சரி, மொதல்ல நீங்க மூஞ்சியப் பாத்துப்போட்டு அப்புறமா எங்கிட்டச் சொல்லுங்க. உங்க மாமியாரு நேத்தே உள்ள போயாச்சுன்னீங்க, உங்களுக்கு இந்த மூஞ்சியெல்லாம் பழகியிருக்கும்.

எங்கப்பாங்க. நெஞ்சு வலி. வால்பாறையிலிருந்து கொண்டாந்தேன். ஆம்புலன்ஸ்ல இல்லைங்க, கார்ல. நான்தான் ஓட்டியாந்தேன். ஆமாங்க, நானேதான், அந்த மலையிலதான். பாருங்க, இந்த எடது காலு இன்னும் ஆடிட்டு இருக்குது. கையை வெச்சு அமுக்கினாலும் நிக்க மாட்டேங்குது. கிளச்சு மிதிச்ச காலு.

டாக்டரு ஒரு வாட்டி வந்து சொல்லிப்போட்டுப் போனாரு. ரத்தக் குழாயில அடைப்பாம். மருந்து ஏத்தியிருக்குதாம். அதுக்குக் கேட்டாச் சரி, ஆனா எப்பிடியும் கோயமுத்தூர் கொண்டு போயி அடைப்பை எடுத்துரோணும்னாரு. நான் தலைய ஆட்டினேன். என்ன கேட்டேன், என்ன சொன்னேன்னு ஒண்ணும் ஞாபகமில்லைங்க. அவரு போனதுக்கப்புறம்தான் பாக்கறேன், கால்ல ஒரு செருப்புத்தான் இருக்குது. இன்னொண்ணு எங்க விட்டேனோ. எங்கப்பா பாத்தா அதுக்கொரு பாட்டு.

எங்கப்பா பேரு நாச்சிமுத்துங்க. கவர்மெண்ட் பஸ் டிரைவரு. பொள்ளாச்சி வால்பாறை ரூட்டுலயே ஓட்டி, அதுலயே ரிட்டயர்டு ஆனவரு. மழைன்னு நின்னதில்ல, பனின்னு நின்னதில்ல, ஒரு கோழிக்குஞ்சு மேல டயரை ஏத்தினதில்ல. இதை நான் சொல்லலைங்க, அவரே சொல்லுவாரு. சோத்துக்கு உக்காந்தா இதுதான். சனமும் அப்பிடித்தான் சொல்லும். நாச்சிமுத்தண்ணன் வண்டின்னா கண்ண மூடிட்டுத் தூங்கீட்டே போலாம்பாங்க. வீட்டுல எனக்கும் எங்கம்மாளுக்கும்தான் தூக்கம் வராது.

கதவைச் சாத்தினா, "ஏன், லாரி டோரா அது?"ம்பாரு. தண்ணி மோந்து குடுத்தா சொம்புல விரல் பட்டுதும்பாரு. கோலம் போட்டா அதுக்கு மேல நின்னு பாத்துப்போட்டு, "கோட்டை நேரா இழுக்க மாட்டியா, குடிச்சவன் வண்டி ஓட்டினாப்பல இருக்குது"ம்பாரு. நான் அங்கன்வாடி டீச்சருங்க. ஒரு வருசம் கலெக்டரு கையால எனக்கு நல்ல டீச்சருன்னு ஒரு கேடயம் குடுத்தாங்க. பேப்பர்ல போட்டோ வந்துது. எங்கப்பா அதை ஜன்னல்கிட்டக் கொண்டு போயி வெளிச்சத்துல புடிச்சு ரொம்ப நேரம் பாத்தாருங்க. என்ன சொல்லப் போறாரோன்னு நான் பக்கத்துலயே நிக்கறேன். "எல்லாரும் கேமராவப் பாத்துட்டு நிக்கறாங்க. நீ மட்டும் எந்த ஊரப் பாக்கறே?"ன்னாரு. அத்தோட பேப்பரை மடிச்சு வெச்சுட்டுக் குளிக்கப் போயிட்டாரு.

கல்யாணமாங்க? ஆகலைங்க. அதையும் சொல்லிப்போடறேன், நீங்க கேக்கலைன்னாலும் மனசுக்குள்ள நெனச்சுட்டுத்தான் இருப்பீங்க. உடுமலைப்பேட்டையிலிருந்து பாக்க வந்தாங்க. நல்ல மனுசருங்க. நான் காபி கொண்டு போனேன். டவராவுல கொஞ்சம் சிந்திப்போச்சு. எங்கப்பா அத்தனை பேரு முன்னாடியும் சொல்றாருங்க, "ஒரு டம்ளரை நேராக் கொண்டாரத் தெரியாதுங்க இவளுக்கு. எந்த வேலையக் குடுத்தாலும் கொஞ்சம் கோணையாத்தான் செய்வா. இப்பவே சொல்லிப்போடறேன், அப்புறம் எம்மேல குத்தம் சொல்லக் கூடாது." வந்தவங்க காபியக் குடிச்சாங்க, போனாங்க, போனவங்கதான். எங்கம்மா அன்னைக்கு அவருகிட்டச் சண்டை போட்டா. அவ சண்டை போட்டு நான் பாத்தது அது ஒரு வாட்டிதான். அதுக்கு அவரு என்ன சொன்னாருங்கறீங்க? "வண்டிய விக்கறவன் என்ன ரிப்பேருன்னு சொல்லித்தான் விக்கோணும்"ன்னாரு. அவரு அதை நல்லதுன்னு நெனச்சுத்தாங்க்கா சொன்னாரு. அதுதான் கொடுமை.

அம்மா போனதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேருதான். அவருக்குக் கண்ணுல ஆப்பரேசன் ஆச்சு, வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. வீட்டுல ஒரு பழைய மாருதி நிக்குது, அவரு ரிட்டயர்டானப்ப வாங்கினது. அது நின்னே துருப்புடிச்சுப் போகுதுன்னு எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தாரு. சொல்லிக் குடுத்தாருன்னு சொல்றதா, என்னன்னு சொல்றது. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு, "கண்ணு பொடனிலயா இருக்குது?", "காலா அது, ஒலக்கையா?", "கியரைப் போடறியா, மாவாட்டறியா?" இதேதான். நான் அழுதுட்டே ஓட்டுவேன். கண்ணுல தண்ணியோட ஓட்டினா ரோடு தெரியாதுன்னு அதுக்கும் திட்டுவாரு. எப்பிடியோ லைசென்சு வாங்கிட்டேன். அங்கன்வாடிக்கு ஓட்டுவேன், கடைவீதிக்கு ஓட்டுவேன், கவர்க்கல் பக்கம் பனி எறங்கற எடம் வரைக்கும் ஓட்டுவேன். அதுக்கு மேல விட மாட்டாரு. "மலை எறங்கறதுக்கு ஒரு கை வேணும். அது உனக்கு வராது. ஆசைப்படாதே"ன்னு முடிச்சுட்டாரு. எனக்கும் நிம்மதிதான். அந்தப் பள்ளத்தைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும்.

கதவு சாத்தியேதான் இருக்குதுங்களா? சரி.

இன்னைக்குக் காலையில நல்ல மழைங்க. இட்லி வெச்சேன், சட்னி வெச்சேன். சாப்பிட்டாரு. சட்னிய ஒண்ணுமே சொல்லாமச் சாப்பிட்டாருங்க்கா. எனக்கு அப்பவே ஒரு மாதிரி ஆச்சு. உப்பு பத்தலைங்களான்னு நானே கேட்டேன். பாத்தா மூஞ்சியெல்லாம் வேர்வை. அந்தக் குளுர்ல வேர்வை! வாயுதான், சோடா குடுன்னாரு. சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போகாத குறையா ஊரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அந்த டாக்டரு சின்னப் பையன். நாக்குக்கடியில ஒரு மாத்திரைய வெச்சு, ஊசி போட்டு, ஒடனே பொள்ளாச்சி கொண்டு போயிருங்கன்னாரு. ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸை ஏத்திட்டு அப்பத்தான் கீழ போயிருக்குது. டாக்சி ஸ்டாண்டுல ஒரு வண்டி இல்ல, முகூர்த்த நாளு, எல்லாம் கல்யாணத்துக்குப் போயாச்சு. டாக்டரு என்னையப் பாக்கறாரு. உங்க வண்டி வெளிய நிக்குதே, நீங்க ஓட்டுவீங்கல்லங்கறாரு.

எங்கப்பா அந்த வலியிலயும் சிரிச்சாருங்க. "இவளா? நெஞ்சு வலியில போறதுக்கு முன்னால பள்ளத்துல போயிருவேன்"ன்னாரு.

அங்கிருந்தவங்களே தூக்கி உக்கார வெச்சாங்க. பின்னாடி படுத்துக்கங்கப்பான்னேன். படுக்க மாட்டாராம். படுத்துட்டா நான் என்ன பண்றேன்னு அவருக்கு எப்பிடித் தெரியுமாம். முன் சீட்டுல சாஞ்சு உக்காந்து, ஒரு கையால நெஞ்சைப் புடிச்சுட்டு, இன்னொரு கையால முன்னால இருக்கற பலகையைப் புடிச்சுட்டாரு. வண்டி கெளம்புச்சு.

நீங்க அந்த ரோட்டுல போயிருப்பீங்க. பஸ்ல போறது வேற. நானே எத்தனை தடவை பஸ்ல போயிருப்பேன், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலயே உக்காந்து. ஆனா ஸ்டேரிங்கை நம்ம கையில புடிச்சுட்டு மொத வளைவுல எறங்கறப்ப இருக்குது பாருங்க, ரோடு அப்பிடியே காலுக்கடியில மடிஞ்சு எங்கயோ போயிருது. கண்ணுக்கு முன்னால வெறும் பனிதான். முருகா முருகாங்கறேன். "முருகன் வந்து கியர் போட மாட்டாரு. செகண்டுல போடு"ங்கறாரு எங்கப்பா. "பிரேக்கையே மிதிச்சுட்டுப் போகாதே, காஞ்சு போயிரும். என்ஜின்ல புடிச்சு எறக்கு. ஆரன் அடி. இன்னும் அடி. எதிர்ல வர்றவன் என்ன ஜோசியனா, நீ வர்றது தெரியறதுக்கு?" மூச்சு வாங்குது, ஆனா திட்டறது நிக்கலை. நானும் அவரு சொன்னபடியே செஞ்சேன். மனசுக்குள்ள ஆத்திரம்தான். சாகப் போற நேரத்துலயுமான்னு நெனச்சேன். நெனச்சேங்க்கா, பொய் சொல்லலை.

அதுல பாருங்க, மலை ரோட்டுல ஒரு மொறை இருக்குது. எறங்கற வண்டி நின்னு, ஏறற வண்டிக்கு வழி விடோணும். எங்கப்பாவுக்கு அது சாமி கும்புடறாப்பல. சர்வீசு முழுக்க ஏறற வண்டிய ஒரு தடவை கூட நிறுத்தினதில்லைங்கறது அவருக்கு அத்தனை பெருமை. இன்னைக்கும் என்னைய விடலைங்க. தேயிலை லாரி வந்துது, நிறுத்துன்னாரு. ஜீப்பு வந்துது, நிறுத்துன்னாரு. டூரு வந்த பசங்க ஒரு கார்ல பாட்டைப் போட்டுட்டு வர்றாங்க, அதுக்கும் நிறுத்துன்னாரு. அந்தப் பசங்க எங்களுக்கு டாட்டா காட்டிட்டுப் போறாங்க. இங்க இவருக்கு வேர்த்து ஊத்துது.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாளைக்கு முந்திக்கறனுங்கப்பா. கால்ல விழுந்து கேக்கறேன்"னேன்.

"ஏறற வண்டி ஒரு தடவை நின்னுதுன்னா மறுபடி இழுக்காது. பின்னால உருண்டுரும். எறங்கறவளுக்கு என்ன, பிரேக்கு இருக்குதல்ல? நில்லு."

"உங்களுக்கு நெஞ்சு வலிங்கப்பா!"

"நெஞ்சு எனக்குத்தான வலிக்குது? அவனுக்கு என்ன வந்துது? வண்டி ஓட்டறவளுக்கு நாயம் தெரியோணும்."

இப்பிடி ஒரு மனுசன். நான் என்னதான் செய்யறது?

அட்டகட்டி தாண்டினதும் மழை வலுத்துப்போச்சு. ஒரு வளைவுல நான் ரொம்ப வெளிய போயிட்டேங்க. வேணும்னு இல்ல, கை தப்பிருச்சு. சக்கரம் மண்ணுல எறங்கி ஏறுச்சு. எனக்கு உசுரே போயிட்டுது. இப்ப விழும் பாரு வசவுன்னு பல்லைக் கடிச்சுட்டுக் காத்திருக்கேன். ஒண்ணும் வரலை. அடுத்த வளைவு வந்துது, ஒண்ணும் வரலை. வைப்பர் சத்தம் மட்டும் கேக்குது.

திரும்பிப் பாக்க முடியாதுங்க்கா. அதுதான் பெரிய கொடுமை. அப்பா எனக்கு ஒரு மொழம் தள்ளித்தான் இருக்காரு, ஆனா திரும்பினா ரோடு போயிரும். "அப்பா"ன்னேன். பதிலில்ல. "அப்பா, என்னங்கப்பா"ன்னேன். இல்ல. வண்டியை நிறுத்திப் பாக்கலாம்னா அந்த எடத்துல நிறுத்தினா பின்னால வர்றவன் வந்து இடிப்பான். அதுக்கும் மேல, நிறுத்திப் பாத்து, இல்லைன்னு தெரிஞ்சுட்டா? அப்புறம் நான் எப்பிடி மீதி மலையை எறங்குவேன்? ஆருக்காக எறங்குவேன்?

அப்ப நான் ஒண்ணு பண்ணினேன். ஆருகிட்டயும் சொல்லிராதீங்க. வேணும்னே கியரைத் தப்பா மாத்தினேன். செகண்டுல போற வண்டியை மூணாவதுல போட்டேன். கிளச்சை அரைகொறையா மிதிச்சேன். அது கர்ருனு கத்துச்சு. எங்கப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்டா ஒடம்பெல்லாம் எரியும், அவரைக் குத்தினாப்பல. ஒண்ணும் சொல்லலை. வண்டி பள்ளத்தைப் பாத்து ஓடுது. நான் பிரேக்கை ஏறி மிதிக்கறேன். மிதிக்கக் கூடாதுன்னு சொன்னதை மிதிமிதின்னு மிதிக்கறேன். "திட்டுங்கப்பா! பாருங்க, பிரேக்கை மிதிக்கறேன், திட்டுங்க!"ன்னு கத்தறேன். பைத்தியக்காரியாட்ட.

"ச்"சுன்னாருங்க.

அவ்வளவுதான். நாக்குல ஒரு சத்தம். சின்ன வயசுலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்குப் பயம். பரீட்சை மார்க்கு காட்டறப்ப, பொடவை கட்டிட்டு வந்து நிக்கறப்ப, எல்லாத்துக்கும் அந்த "ச்"தான். இன்னைக்கு அதைக் கேட்டதும் நான் ஓன்னு அழுதுட்டேன். அத்தனை சந்தோசம். அப்புறம் அதே மாதிரி ஒவ்வொரு வளைவுலயும் ஏதாவது ஒண்ணைத் தப்பா பண்ணிட்டே எறங்கினேன். ஆரனை விட்டுருவேன், "ச்"சும்பாரு. கோணையாத் திருப்புவேன், "ச்". ஒரு தடவை "ரெண்டு"ன்னு வாய் தொறந்தே சொன்னாரு, ரெண்டாவது கியர்ல போடுன்னு. நெஞ்சு வலிக்காரரை வெச்சுட்டு அந்தப் பள்ளத்துல வேணும்னே தப்பா வண்டி ஓட்டினவ ஆராவது இருப்பாளாங்க? எனக்கு வேற வழி தெரியலை. அவரு இருக்காருன்னு எனக்குத் தெரிய வேற வழியில்ல.

அப்புறம் அதுவும் நின்னு போச்சு.

என்ன தப்புப் பண்ணினாலும் சத்தமில்ல. அந்த நேரம் பாத்துக் கீழயிருந்து பஸ் ஆரன் கேக்குது. கவர்மெண்ட் பஸ்ஸு. தூக்கத்துல கேட்டாலும் அந்த ஆரன் எனக்குத் தெரியும். ஏறி வருது, நான் நிக்கோணும். கால் தானாப் பிரேக்குக்குப் போச்சுங்க. போச்சு, ஆனா நான் மிதிக்கலை. லைட்டைப் போட்டேன், ஆரன்ல கைய வெச்சு அழுத்திட்டே எறங்கிட்டேன். வளைவுல போயி பஸ்ஸுக்கு நேர் எதிர்ல நின்னுட்டேன். இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது.

டிரைவரு தலைய வெளிய நீட்டி, "ஏம்மா, எறங்கற வண்டி நிக்கோணும்னு தெரியாதா? எவன் உனக்கு லைசென்சு குடுத்தான்? பின்னால எடு!"ங்கறாரு. மேட்டுல பின்னால எடுக்கறதுக்கு எனக்குத் தெரியாதுங்களே! அதை மட்டும் எங்கப்பா சொல்லிக் குடுக்கலை. நான் கைய நீட்டிப் பக்கத்து சீட்டைக் காட்டறேன். அவரு கோவத்தோட எறங்கி மழையில வந்தாரு. வந்தவரு வண்டியைப் பாத்தாரு, உள்ள பாத்தாரு. "அய்யோ, நாச்சிமுத்தண்ணன்!"ங்கறாரு. காளியப்பன்னு பேரு, எங்கப்பாகிட்ட மலை ரூட்டு பழகினவரு. எங்க வீட்டுக்கெல்லாம் வந்திருக்காரு, எங்கையால காபி குடிச்சிருக்காரு.

ஒடனே பஸ்ஸுக்குத் திரும்பி ஓடினாரு. பஸ்ல இருந்த சனத்தையெல்லாம் எறங்கச் சொன்னாரு. கண்டக்டரு பின்னால போயி நின்னு விசில் ஊதறாரு. அத்தாம் பெரிய பஸ்ஸு, மழையில, அந்த வளைவுல அப்பிடியே பின்னாலயே போகுது. விசில் சத்தம், என்ஜின் சத்தம். சனமெல்லாம் பையும் கொழந்தையுமாத் தடுப்புச் செவுத்தோரம் வரிசையா நனைஞ்சுட்டு நிக்குது. அவங்களை ஒட்டியே நான் ஊர்ந்து போறேன்.

அந்த நேரத்துல எங்கப்பா கண்ணைத் தொறந்தாரு. "ஆரு... பின்னால எடுக்கறது?"ன்னாரு.

"காளியப்பண்ணனுங்கப்பா"ன்னேன்.

ஏறி வந்த பஸ்ஸு பின்னால போறதைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. கண்ணுலயிருந்து தண்ணி வந்துதுங்க்கா. காது வரைக்கும் ஓடுச்சு. எங்கம்மா செத்தப்பக்கூட அந்தக் கண்ணு நனையலை. அவமானங்க. தாங்க முடியலை அவருக்கு. காலம் பூராக் காப்பாத்துன மொறையை, பெத்த மக, அவரு கண்ணு முன்னாலயே, அவரு கூட வேலை பாத்தவனை வெச்சே ஒடைச்சுப்போட்டா. வேற எதுக்கு அழுகப் போறாரு?

நீங்க என்ன சொல்றீங்க? எனக்காக அழுதாருங்கறீங்களா? அப்பிடியெல்லாம் இருக்காதுங்க. உங்களுக்கு அவரைத் தெரியாது.

பஸ்ஸு ஒதுங்கினதும் தாண்டி எறங்கினேன். அதுக்கப்புறம் ஆழியாறு வந்துது, சமவெளி வந்துது, எல்லாம் கனவாட்டத்தான். ஒரு சத்தமும் இல்ல அவருகிட்ட. ஆனா நெஞ்சு மட்டும் மேலயும் கீழயும் போய்ட்டு இருந்துது. நேர் ரோட்டுல திரும்பிப் பாத்துப் பாத்து ஓட்டினேன்.

இப்ப எனக்கு என்ன பயம்னு கேளுங்க. செத்துப் போயிருவாருன்னு பயம், அது இருக்குது. அவரு போயிட்டா எனக்கு ஆரு இருக்கா? ஆனா இன்னொரு பயமும் இருக்குதுங்க, வெக்கமா இருக்குது சொல்ல. பொழச்சு எந்திரிச்சு, "ஏறற பஸ்ஸை ஏன் நிறுத்துனே?"ன்னு கேப்பாரே, அப்ப என்ன சொல்லுவேன்? நாப்பது வயசைத் தாண்டியாச்சு, நானூறு கொழந்தைகளை வளத்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்பேன். இன்னும் ஒண்ணாங்கிளாஸ் புள்ளையாட்டப் பயந்துட்டு உக்காந்திருக்கேன். எந்தப் பயம் எதுன்னு எனக்கே தெரியலை. ரெண்டும் ஒரே எடத்துலதான் வலிக்குது.

என்னங்க்கா? தொறந்துதா? ஆரு? மூஞ்சி எப்பிடி இருக்குது? எம்பேரையா கூப்புடறாங்க?

கேட்டீங்களா அந்த நர்ஸுப் புள்ள சொன்னதை? எனக்குப் பாதிதான் காதுல ஏறுச்சு. முழிச்சுட்டாராம். மருந்துக்குக் கொஞ்சம் கேட்டிருக்குதாம். ஆனா கோயமுத்தூருக்கு இப்பவே கொண்டு போகோணுமாம், இங்க வெச்சிருந்தா மறுபடி வந்துருமாம். ஆம்புலன்ஸ் கீழ நிக்குது. இவரு ஏற மாட்டேங்கறாராம். "எம்பொண்ணு வந்து ஓட்டட்டும். அவ ஓட்டினாத்தான் வருவேன்"னு ஒத்தைக் கால்ல நிக்கறாராம். வயரையெல்லாம் புடுங்கிக்கறாராம். டாக்டரு சொல்லிக் கேக்கலை, ஆரு சொல்லியும் கேக்கலை, நீங்க வந்து சொல்லுங்கங்கறா.

பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? எதுக்குங்கறீங்க? கோயமுத்தூரு போற வரைக்கும் தனியா வெச்சு அந்தப் பஸ்ஸு விசயத்தைக் கேக்கோணும் அவருக்கு. ஆம்புலன்ஸ்ல ஆளுக இருப்பாங்க, கேக்க முடியாது. அதுக்குத்தான். ஐயோ, இல்லைங்க்கா, நீங்க நல்ல மனசோட சொல்றீங்க. என்னைய நம்பறதாவது! நம்பறவரு காலையில பள்ளத்துல போயிருவேன்னா சொல்லுவாரு? எதுக்குங்க்கா இப்ப நீங்க அழுகறீங்க?

கார்ல போக முடியாதுங்களாம். வழியில ஏதாவது ஆச்சுன்னா மெசினு வேணுமாம், ஆக்சிஜன் வேணுமாம். ஆம்புலன்ஸ்ல ஏறினாத்தான் உசுரு. ஏறுங்கப்பான்னு நான் போயிச் சொல்லோணும். நான் சொல்லி அவரு இன்னைக்கு வரைக்கும் ஒரு வாய்ச் சோறு கூடத் தின்னதில்லைங்க. கெஞ்சினா, "நீ எனக்குப் புத்தி சொல்றியா?"ம்பாரு. அழுதா இன்னும் மொரண்டு புடிப்பாரு.

இருங்க. ஒரு நிமிசம் இருங்க.

இந்தாங்க்கா, இதைப் புடிங்க. கார்ச் சாவி. உங்க பைக்குள்ள போட்டுக்கங்க, அடியில போட்டுக்கங்க, தெரியக் கூடாது. உள்ள போயி, சாவியைத் தொலைச்சுட்டேங்கப்பான்னு சொல்லப் போறேன். நம்புவாருங்க. என்னைப் பத்தி அந்த மாதிரி எதைச் சொன்னாலும் ஒடனே நம்பீருவாரு. கேள்வியே கேக்க மாட்டாரு. ஒரு சாவிய வெச்சுக்கத் துப்பில்லையான்னு புடிச்சாருன்னா, அந்தக் கோவத்துலயே ஸ்ட்ரெச்சர்ல ஏறிப் படுத்துக்குவாரு. ஆம்புலன்ஸ்ல நானும் கூடப் போயிருவேன். வண்டி ஆஸ்பத்திரி கேட்டுப் பக்கமே நிக்கட்டும், நாளைக்கு வந்து உங்ககிட்டச் சாவியை வாங்கிக்கறேன். உங்க மாமியாருக்கு ஒண்ணும் ஆகாதுங்க்கா, நல்லாயிருவாங்க.

கூப்புடறாங்க. வர்றேன்னு சொல்லுங்க. இந்தக் காலு ஏன் இன்னும் ஆடுதுன்னு தெரியலை.

அக்கா, உள்ளயிருந்து திட்டற சத்தம் கேட்டா ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. எத்தனை சத்தமா இருந்தாலும் பரவால்ல, நீங்க பாட்டுக்கு இருங்க. ஒரு சத்தமும் கேக்கலைன்னா மட்டும் கொஞ்சம் எந்திரிச்சு உள்ள வந்துருங்க. எனக்கு அங்க தனியா நிக்கப் பயமா இருக்குது.